மட்டக்களப்பில் ஓர் அரிய குடும்பப் பெயரின் வேரைத் தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு விசா விண்ணப்பத்தில் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் பலர் அதில் தகப்பனாரின் பெயரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம். அப்படி எழுதியவரே திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால், கோயில் வீதியில் நிற்கும் முதியவர் அவரிடம் "நீ என்ன குடி?" என்று கேட்பார். விண்ணப்பத்தில் எழுதிய பெயர் தகப்பன் வழியில் வந்தது. ஒரு தலைமுறையோடு மாறிவிடுவது. முதியவர் கேட்ட பெயர் தாய் வழியில் வந்தது. தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கி வருவது, ஆனால் எந்தச் சான்றிதழிலும் எழுதப்படாதது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒரு குடும்பப் பெயரின் தோற்றத்தையும் பரவலையும் ஆராய முனைகின்றவர் இந்த இரண்டு வழிகளையும் பிரித்தறிந்து, இரண்டையும் ஒன்றாகவே கொண்டுசெல்ல வேண்டும். தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு தொடங்கியதால் நான் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை இழந்தேன். அந்த இழப்பு மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலாம் படி: எந்தப் பெயரைத் தேடுகிறீர்கள் என்பதைத் தீர்மானித்தல்

இலங்கையின் கிழக்கில் குடும்பப் பெயர் என்று சொல்லப்படுவது நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் வகை, முதலெழுத்தாக நிற்கும் தகப்பன் பெயர். அது பரம்பரைப் பெயர் அன்று. ஒருவருடைய பேரனின் பெயருக்கு முன்னால் அவருடைய மகனின் பெயர் நிற்குமே தவிர அவருடைய பெயர் நிற்காது. ஆகவே ஒரு தகப்பன் பெயர் அரிதாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பழைய வம்சத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணக் கூடாது.

இரண்டாவது வகை, பெயரோடு ஒட்டிய பட்டமும் தொழிற்பெயரும். போடி, வன்னியர், உடையார், விதானை, வட்டவிதானை, வண்ணக்கர், பரிகாரி, அண்ணாவியார், பணிக்கர், ஓடாவி, மரைக்கார், லெப்பை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. போடி என்பது பெருநிலக்காரரைக் குறிக்கும். வண்ணக்கர் கோயில் நிருவாகத்துக்குப் பொறுப்பானவர். வட்டவிதானை வயலுக்கு நீர் பாய்ச்சுவதை மேற்பார்வை செய்பவர். ஏறாவூர்ப் பணிக்கர்கள் காட்டு யானை பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். இப்பட்டங்கள் சில குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிலைத்திருந்து, பின்னர் பள்ளிக்கூட இடாப்பில் பெயர் பதியும்போது உதிர்ந்துபோயின. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பூட்டனாரின் பெயர் போடி என்று முடிந்தது, பாட்டனாரின் பெயர் பிள்ளை என்று முடிந்தது, தகப்பனாரின் பெயரில் இரண்டும் இல்லை.

மூன்றாவது வகை, பறங்கியர் சமூகத்தின் ஐரோப்பிய வழிப் பெயர்கள். இப்பகுதியில் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் செல்லும் குடும்பப் பெயர், மேல்நாட்டார் கருதும் பொருளில், பெரும்பாலும் இவர்களிடம் மட்டுமே உண்டு.

நான்காவது வகை குடிப்பெயர். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி, கச்சிலா குடி, கண்டன் குடி, அத்தியாயன் குடி என்றெல்லாம் வழங்கும் இப்பெயர்கள் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. சீர்பாதக் குலத்தவரிடையே சிந்தாத்திரன், காலதேவன், காங்கேயன், நரையாகி, வெள்ளாகி, முடவன் முதலிய குடிகள் உள்ளன. இந்த முறை இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று. கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும் ராசாம்பிள்ளை குடி, வரிசைநாச்சி குடி, பொன்னாச்சி குடி, லெவ்வை குடி, மாலைகட்டி குடி என்று தாய்வழிக் குடிகள் இருக்கின்றன. ஒரே குடியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் உடன்பிறந்தவர்களாகக் கருதப்படுவதால் அவர்களுக்குள் திருமணம் பேசும் வழக்கம் இல்லை. திருமணப் பேச்சு தொடங்கும் இடத்தில் குடி கேட்கப்படுவதன் காரணம் இதுதான்; குடிப்பெயர்கள் எழுதப்படாமலே இத்தனை காலம் நிலைத்ததற்கும் அதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் படி: வீட்டுக்குள் கேட்டல்

ஒரு கொப்பியும், முடிந்தால் ஒலிப்பதிவுக்கு ஒரு கைபேசியும் எடுத்துக்கொண்டு குடும்பத்தின் மூத்த பெண்மணியிடம் முதலில் செல்லுங்கள். ஆண்களிடம் பின்னர் செல்லலாம். மட்டக்களப்பில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகின்றன. திருமணமான ஆண் பெரும்பாலும் மனைவியின் வீட்டுக்குச் சென்று குடியேறுகிறார். ஆகவே ஒரு வளவின் நாலு தலைமுறைக் கதை அந்த வளவிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணின் நினைவில் தொடர்ச்சியாக இருக்கும். அவருடைய கணவரின் நினைவோ இன்னோர் ஊரில், கணவருடைய தாயின் வளவில் இருக்கும்.

நான் என் அம்மம்மாவிடம் தகப்பன் வழிப் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "முதல் நீ ஆர்ர வயித்தில வந்த எண்டு தெரிஞ்சுகொள்ளு மனே" என்றார். அதற்குப் பிறகு அவர் தன் தாய், தாயின் தாய், அவருடைய தாய் என்று மூச்சுவிடாமல் ஐந்து பெண்களின் பெயர்களைச் சொன்னார். அதுவரை தகப்பன் வழியில் நான் திரட்டியிருந்தவை மூன்று பெயர்கள்தாம்.

ஒரு குடிக்குள்ளே ஒரு குறிப்பிட்ட மூதாட்டியிடமிருந்து கிளைத்தவர்களை வயிற்றுவார் என்று சொல்வார்கள். ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் அவர் எந்த வயிற்றுவார், எந்த வளவில் பிறந்தார், யாரை மணந்தார், அந்த மணமகன் எந்த ஊர், எந்தக் குடி, பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் யார், அவர்கள் எந்த வளவுக்கு உரியவர்கள் என்று வரிசை மாறாமல் கேளுங்கள். ஆண்டுகளை நேராகக் கேட்டால் பதில் வராது. 1957 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னா பின்னா, 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியின்போது பிள்ளை கைக்குழந்தையா நடக்கும் பருவமா என்று கேட்டால் ஓரிரு ஆண்டு வேறுபாட்டுக்குள் காலத்தைக் கணித்துவிடலாம்.

மூன்றாம் படி: முதலெழுத்துகளை விரித்தல்

இந்தப் படி சிறியது, ஆனால் பலர் தவறவிடுவது. கிழக்கு முஸ்லிம்களின் பெயர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று முதலெழுத்துகள் நிற்பது வழக்கம். யூ.எல். என்பது உதுமாலெப்பை ஆகலாம், ஐ.எல். இஸ்மாலெப்பை ஆகலாம், எம்.எல். முகம்மது லெப்பையாகவோ மீராலெப்பையாகவோ இருக்கலாம். இதில் எல் என்ற எழுத்து தனிப்பெயர் அன்று. தகப்பன் பெயரின் பின்பகுதி. அதன் பின்னால் மூன்றாவதாக வரும் எம் பெரும்பாலும் அவருடைய சொந்தப் பெயரின் முன்பகுதியான முகம்மது என்பதாக இருக்கும். ஆகவே ஒரே முதலெழுத்துகள் கொண்ட இருவர் உறவினர் என்று முடிவு செய்யக் கூடாது. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு முதலெழுத்துகளோடு வாழ்ந்ததும் உண்டு. அடையாள அட்டையில் இருப்பதை மட்டும் பார்க்காமல், திருமணப் பதிவில் முழுப்பெயர் எப்படி விரிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தே எழுதுங்கள்.

தமிழரிடையேயும் சிக்கல் உண்டு. பதிவாளர் ஒருவர் வள்ளிப்பிள்ளை என்று எழுதியவரை, காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வள்ளியம்மை என்று எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய ஏடுகளில் போடி என்ற சொல் பொடி, போடி, பொட்டி என்று பலவிதமாக வாசிக்கக்கூடிய வகையில் நிற்கும். ழகர, ளகர, லகர வேறுபாடு அங்கே முற்றாக மறைந்துவிடும். ஆகவே நீங்கள் தேடும் பெயரின் எழுத்து வேறுபாடுகள் எல்லாவற்றையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி, ஒவ்வோர் இடாப்பைத் திறக்கும்போதும் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அரசாங்கப் பதிவுகள்

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கான பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் இயங்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பெறலாம். பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் பதிவுப் பிரிவும் தெரிந்திருந்தால் தேடுதல் எளிது. பதிவிலக்கம் தெரியாவிட்டாலும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் தேடித் தரும்படி கேட்கலாம்.

இங்கே ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முன் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தன. ஆகவே அம்பாறைக் கரையோரக் குடும்பம் ஒன்றின் பழைய நிருவாக ஏடுகளில் மட்டக்களப்பு என்ற மாவட்டப் பெயரே இருக்கும். அதைக் கண்டு, குடும்பம் மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தது என்று எழுதிவிட்டவர்களை நான் அறிவேன். மாவட்டப் பெயரைப் பார்க்காமல் ஊர்ப்பெயரையும் பற்று என்னும் பழைய நிருவாகப் பிரிவின் பெயரையும் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் முழுப்பெயர், பிறந்த இடம், இனம் ஆகியவற்றோடு, பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுதுவதற்கு ஒரு கட்டம் உண்டு. நமக்கு அது பெரிய கொடை. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடுகிறது. ஆனால் அது கேட்பது தகப்பனின் தகப்பனை. தாயின் தாயைக் கேட்கும் கட்டம் அங்கே இல்லை. ஆகவே தாய்வழியில் மேலே செல்ல, தாயின் பிறப்புப் பதிவைத் தனியே எடுக்க வேண்டும். பிறகு அவருடைய தாயின் பதிவு. பிறகு அவருடைய தாயின் பதிவு. ஒவ்வொரு படியிலும் பெண்ணின் தகப்பன் பெயர் மாறுவதால் குடும்பப் பெயரும் மாறுவது போலத் தோன்றும். தோற்றத்தில் ஐந்து வேறு குடும்பங்கள், உண்மையில் ஒரே குடி.

திருமணப் பதிவில் மணமக்களின் வயது, தொழில், வதிவிடம், தகப்பன்மாரின் பெயரும் தொழிலும், சாட்சிகளின் பெயர்களும் இருக்கும். சாட்சிகளை அலட்சியம் செய்யாதீர்கள். பெரும்பாலும் தாய்மாமனோ அத்தான்முறையானவரோதான் கையொப்பமிட்டிருப்பார். முஸ்லிம் திருமணப் பதிவில் மணமகளின் வலியின், அதாவது மணமகளுக்காகச் சம்மதம் தரும் பொறுப்பாளரின், பெயர் இருக்கும். அது தகப்பன் வழியை உறுதிப்படுத்த உதவும்.

வெள்ளம், சூறாவளி, 1990இன் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை ஆகியவற்றில் வீடுகளிலிருந்த சான்றிதழ்கள் பெருமளவு அழிந்தன. பிறப்புப் பதிவே இல்லாத முதியவர்களிடம் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கலாம்; அதில் உள்ள ஆண்டைக் கணிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: காணி உறுதிகள்

என் அனுபவத்தில் மிக அதிகமாகப் பேசியவை உறுதிகளே, அதாவது காணிப் பத்திரங்களே. காணியைக் கைமாற்றுவதற்கு நொத்தாரிசு முன் எழுதப்பட்ட உறுதி வேண்டும் என்பதை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிலைநிறுத்தியது. அதனால் பழைய குடும்பங்களின் பெட்டகங்களில் பிறப்புச் சான்றிதழை விடப் பழைய உறுதிகள் கிடைக்கும். எழுதப்பட்ட உறுதியின் பதிவைக் காணிப் பதிவகத்தில் தேடலாம்.

அம்மம்மாவின் சீதன உறுதி ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள், மஞ்சள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மடிப்புகளில் தாள் கிழிந்து, நாலு துண்டாகப் பிரிந்திருந்தது. நான் முதலில் வாசித்தது கொடுத்தவர், பெற்றவர் பெயர்களை மட்டும்தான். பல மாதங்களுக்குப் பின் எல்லை விவரத்தை வாசித்தேன். கிழக்கு எல்லை வாவி, வடக்கு எல்லை ஒழுங்கை, மேற்கு எல்லையில் ஒரு பெண்ணின் வளவு. அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லாத பெயர். விசாரித்தபோது அவர் பூட்டியின் தங்கை என்பதும், பிள்ளை இல்லாமல் இறந்ததால் அவருடைய கிளை பேச்சிலிருந்தே மறைந்துபோனதும் தெரியவந்தது. ஒரு தாய் தன் வளவைப் பிரித்துப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது சகோதரிகள் ஒருவருக்கொருவர் எல்லையாகிறார்கள். ஆகவே எல்லைப் பெயர்களை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு வயிற்றுவாரின் பரம்பரை மரம் தரையில் வரையப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

மிகப் பழைய உறுதிகளில் இன்னொரு செய்தி இருக்கும். முக்குவர் சட்டம் என்று அறியப்பட்ட பிரதேச வழக்கின்படி முதுசச் சொத்து, அதாவது பரம்பரையாக வந்த சொத்து, ஓர் ஆணிடமிருந்து அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்குச் செல்லாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபின் அந்த வழக்கு சட்ட வலுவை இழந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றில் காணி ஒருவரிடமிருந்து வேறு தகப்பன் பெயர் கொண்ட இன்னொருவருக்குச் சென்றிருந்தால், அதை விற்பனை என்று உடனே கொள்ளாமல், மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற முதுசமா என்று ஆராயுங்கள்.

ஆறாம் படி: கோயில், பள்ளிவாசல், தேவாலயம்

குடிப்பெயரை அரசாங்கம் எழுதவில்லை, வழிபாட்டிடங்களே காத்தன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் குடிகளின் பெயரை முறைப்படி கூறி மரியாதை வழங்கும் குடுக்கை கூறுதல் என்னும் வழக்கம் உண்டு. மண்டூர், திருக்கோவில் முதலிய பழைய கோயில்களிலும், வைகாசியில் சடங்கு நடைபெறும் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றிலும் இன்ன நாள் இன்ன குடிக்கு அல்லது இன்ன ஊருக்கு என்ற உரிமை பேணப்படுகிறது. இதன் எழுத்துச் சான்று எங்கே என்று பலர் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கப்படும் திருவிழா விஞ்ஞாபனமே அது. முதலாம் நாள் இவர்கள் உபயம், இரண்டாம் நாள் அவர்கள் உபயம் என்று அதில் வரிசையாக இருக்கும். சாமியறையில் தேங்கிக் கிடக்கும் பழைய விஞ்ஞாபனங்களைச் சேகரித்து ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். ஒரு சிறிய குடியின் பெயர் தனியே நின்று, பின்னர் இன்னொரு குடியோடு சேர்த்து அச்சிடப்பட்டு, பின்னர் காணாமற்போவதை அந்த அடுக்கில் நேராகக் காணலாம். அரிய குடி ஒன்றின் வரலாற்றுக்கு இதைவிட நேரடியான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கு ஒருவராக மரைக்கார் தெரிவு செய்யப்படும் மரபு இருந்து வந்தது. பழைய நிருவாக ஏடுகளிலும் கந்தூரிக் கணக்குகளிலும் குடிப்பெயர்கள் இருக்கக்கூடும். நம்பிக்கைப் பொறுப்பாளர்களிடம் முறைப்படி அனுமதி கேட்டே பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள் உண்டு. மெதடிஸ்த மிஷன் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தது. கத்தோலிக்க ஏடுகளைப் பொறுத்தவரை, திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் அமைக்கப்பட்டு, மட்டக்களப்பு 2012இல் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஓர் இடத்தில் கிடைக்காததை மற்ற இடத்திலும் விசாரியுங்கள். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. யோவான் அங்கே யோவான்னெஸ் என்றும் பிரான்சிஸ் அங்கே பிரான்சிஸ்குஸ் என்றும் நிற்பர். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பறங்கியர் பெயர்கள்

ரொசைரோ, ஆன்ட்ராடோ, பார்தலட், செல்லர், ரகல், அவுட்ஸ்கோர்ன், பல்தசார் போன்ற பெயர்களை மட்டக்களப்பில் கேட்டவர்கள் அவற்றின் தனித்தன்மையை உடனே உணர்வார்கள். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அந்த இரு ஆட்சிகளின் வழிவந்த குடும்பங்கள், தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் முதலிய கைத்தொழில்களில் தேர்ந்து, போர்த்துக்கேயக் கலப்பு மொழியொன்றை வீட்டில் பேசி, கத்தோலிக்கராகவும் தமிழ் பேசுபவராகவும் இங்கே நிலைத்தன. பெயர் ஒல்லாந்து வழியாகவும் பேச்சு போர்த்துக்கேய வழியாகவும் இருப்பதில் முரண்பாடு இல்லை. தலைமுறைகள் கலந்ததன் சாட்சி அது. ஆகவே பெயரின் ஓசையை மட்டும் வைத்து மூதாதையரின் நாட்டைச் சொல்லிவிடாதீர்கள். இவர்களுக்கு ஞானஸ்நான ஏடும் மட்டக்களப்பிலுள்ள கத்தோலிக்கப் பறங்கியர் ஒன்றியத்தின் முதியவர்களுமே முதல் வாசல்.

எட்டாம் படி: எத்தனை பேர், எங்கே

இலங்கையில் முதல் முறையான குடிசனத் தொகைமதிப்பு 1871இல் நடந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் 5,26,567 பேரும் அம்பாறையில் 6,49,402 பேரும் வாழ்ந்தனர். மட்டக்களப்பில் பறங்கியர் சுமார் 2,800 பேர். ஆனால் தொகைமதிப்பு அறிக்கை இனத்தையும் மதத்தையும் தரும். பெயரையோ குடியையோ தராது. பெயரின் பரவலை நீங்களேதான் கணக்கிட வேண்டும்.

அதற்கு வாக்காளர் இடாப்பு சிறந்த அடிப்படை. கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் திருத்தப்படும் அந்த இடாப்பு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் அம்பாறையில் 20 பிரிவுகளும் உள்ளன. எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், வீட்டு விசாரணையில் வந்த ஊர்களில் தொடங்கி, அங்கிருந்து மணத் தொடர்பு சென்ற ஊர்களுக்குச் செல்லுங்கள். பெயரைக் கண்ட ஒவ்வோர் இடத்திலும் ஆட்களை எண்ணாமல் வீடுகளை எண்ணுங்கள். ஒரே தகப்பனின் ஆறு பிள்ளைகள் ஆறு வீடுகளில் இருந்தால் அது ஆறு குடும்பங்கள் ஒரு பெயரைத் தாங்குவதாக ஆகாது; ஒரு மூதாதை, ஆறு கிளை.

குடியை எண்ணும் முறை வேறு. களுதாவளையில் மனைவியின் வீட்டில் வாழும் ஒருவர் தம்பிலுவிலில் பிறந்தவரானால், அவரைத் தம்பிலுவிலில் உள்ள அவருடைய தாயின் குடிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவருடைய பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது, அவர்கள் மனைவியின் குடி. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு மூன்று மகள், இரண்டு மகன். ஒவ்வொருவருக்கும் நாலு பிள்ளைகள் என்று கொண்டால் பேரப்பிள்ளைகள் இருபது பேர். அவர்களுள் மகள்களின் பன்னிரண்டு பிள்ளைகள்தாம் அவருடைய குடி. மகன்களின் எட்டுப் பேர் வேறு குடிகளுக்குப் போய்விட்டார்கள். இந்தக் கணக்கைத் தவறாகச் செய்தால் ஒரு குடி உண்மையில் இருப்பதைவிட மிகப் பெரிதாகத் தெரியும்.

அரிதாவதற்கான காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. தந்தைவழிப் பெயர் கொண்ட சமூகத்தில் மகன் பிறக்காத வீட்டில் பெயர் நின்றுவிடும். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் 1874இல் இதைக் கணிதமாக்கி, யாருடைய குற்றமும் இல்லாமல் வெறும் தற்செயலாலேயே பெயர்கள் அழிந்துபோகும் என்று காட்டினார்கள். மட்டக்களப்பில் அந்த விதி தலைகீழாக இயங்குகிறது. ஐந்து ஆண் பிள்ளைகள் பிறந்த செழிப்பான வீட்டில், பெண் பிறக்கவில்லை என்றால், குடி அங்கே முடிகிறது. அதன்மேல் போரும் ஆழிப்பேரலையும் புலம்பெயர்வும் சேர்ந்தன. கனடாவிலோ சுவிட்சர்லாந்திலோ பிறந்த மகளுக்குத் தன் குடி என்ன என்று யாரும் சொல்லவில்லை என்றால், ஆள் இருந்தும் பெயர் போய்விடுகிறது. என்னை மிகவும் வருத்துவது இந்தக் கடைசி வகை இழப்பு. ஏனெனில் ஒரு தொலைபேசி அழைப்பால் தடுக்கக்கூடியது அது.

ஒன்பதாம் படி: பெயருக்குப் பொருள் கூறுதல்

குடிப்பெயர்கள் எல்லாம் ஒரே வழியில் பிறந்தவை அல்ல. உலகிப்போடி ஓர் ஆளின் பெயரைத் தாங்குகிறது. பணிக்கனார், மாலைகட்டி ஆகியவை தொழிலையோ கடமையையோ காட்டுகின்றன. பொன்னாச்சி, வரிசைநாச்சி ஆகியவை பெண்களின் பெயர்கள். காலிங்கா குடி ஒரு நாட்டுரிமையைச் சொல்லிக்கொள்கிறது. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் கலிங்க மன்னன் மாகோனோடு இந்த ஒழுங்குகளைத் தொடர்புபடுத்துகிறது. மாகோன் இலங்கைக்கு வந்தது 1215இல். நூலோ பல கால அடுக்குகளைக் கொண்ட மரபுத் தொகுப்பு. ஆகவே அதில் உங்கள் குடியின் பெயர் இருந்தால், அது அப்பெயருக்கு இருந்த மதிப்பைக் காட்டும் சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிறப்புச் சான்றிதழ் அன்று. கேரளத்துத் தாய்வழி முறையோடு உள்ள ஒற்றுமையும் இப்படியே. முறை ஒத்திருப்பதால் உங்கள் பூட்டியின் பூட்டி அங்கிருந்து கப்பலேறினார் என்று எழுதிவிட முடியாது.

பெயர்ப் பொருளைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லப்படும் கதையைத் தள்ளிவிடாமல், சொன்னவர் பெயர், நாள் ஆகியவற்றோடு தனியே எழுதுங்கள். ஆவணத்தில் கண்டதை வேறு மையில் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதிருந்தாலே பாதி ஆராய்ச்சி சரியாகிவிடும்.

மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தாயிடமிருந்து மட்டும் வரும் இழைமணி மரபணு குடி செல்லும் அதே பாதையில் செல்கிறது. ஆகவே இருவர் ஒரே தாய்வழியில் வந்தவர்களாக இருக்கக்கூடுமா என்று அது சொல்லும். குடியின் பெயரை அது சொல்லாது.

பத்தாம் படி: எழுதி வைத்தல்

முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களையும் பத்திரிகை மரண அறிவித்தல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும்" என்று செல்லும் அந்த நீண்ட வாக்கியத்தில் மூன்று தலைமுறை உறவு முறை தவறாமல் அடங்கியிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மட்டக்களப்பு, அம்பாறை சார்ந்த மலர்களும் நூல்களும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஆங்கிலேயர் கால அரசாங்க அதிபர்களின் குறிப்பேடுகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்ல வேண்டும்.

உயிரோடிருப்பவர்களின் அடையாள அட்டை இலக்கம், முகவரி, பிறந்த திகதி ஆகியவற்றை எந்த மரத்திலும் வெளியிடாதீர்கள். தத்தெடுப்பு, மறுமணம், சமயம் மாறியது போன்ற செய்திகள் ஆவணங்களில் எதிர்ப்படும்; சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் கேட்காமல் அவற்றை எழுதக் கூடாது. குடி, சாதி என்ற சொற்கள் சில வீடுகளில் காயத்தைக் கிளறும். கோயில் மரியாதையில் இடம் மறுக்கப்பட்ட குடும்பங்களும் இதே ஊர்களில் உள்ளன. அவர்களுடைய வரிசையும் அதே அளவு நீளமானது, அதே அளவு தேடத் தகுந்தது.

மரத்தைப் பெரிய தாளில் கையால் வரையுங்கள். தகப்பன் வழியை நீல மையிலும் தாய்வழியை சிவப்பு மையிலும் கோடிடுங்கள். நீலக் கோடு ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும், சிவப்புக் கோடு ஒரே குடிப்பெயரோடு மேலிருந்து கீழ்வரை இறங்கும். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் கீழே அவர் பிறந்த வளவையும் ஊரையும் எழுதுங்கள். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வளவில் இருக்கும் மூத்த மகளிடமும், ஒன்றைக் கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாகத்திடமும், ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் கிளையிடமும் கொடுங்கள். தாளின் அடியில், கடைசியாகப் பிறந்த பெண் பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே, நாலு விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும்.